ஜாக்சன் துரையின் தமிழ்

சேத்தியாத்தோப்பில் நாம் படித்த காலத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் கட்டபொம்மன் வேடத்திற்குப் போட்டி இருக்கும். ஜாக்சன் துரைக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். வகுப்பிலேயே சற்றுச் சிவந்த பையனின் முகத்தில் பவுடரை அப்பி மேடைக்குத் தள்ளிவிடுவார்கள். அவனும் திரைப்படத்தில் கேட்ட குரலையே போலச் செய்வான். அக்குரலுக்குரியவர் சி.ஆர்.பார்த்திபன் என்னும் தமிழர் என்பதை நாம் அறிந்தது வெகுகாலம் கழித்தே.

சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய கதை, பி.ஆர்.பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் படமாயிற்று. கெய்ரோவில் 1960இல் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகரானார். எதிரே நின்றவரைப் பற்றி எழுதப்பட்டவை நம் கண்ணில் பட்டவரை சொற்பமே. அந்தக் காட்சியில் முழக்கம் முழுவதும் சிவாஜிக்கு உரியது. எதிராளி அதற்கு இடம்விட வேண்டும், சிறுத்துவிடவும் கூடாது. துரையின் செருக்கு ஒரு பிடி குறைந்திருந்தாலும் கட்டபொம்மனின் சினம் வெற்றுக் கூச்சலாகியிருக்கும்.

வரலாற்றில் அச்சந்திப்பு 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்தது. கும்பினி அதிகாரிகள் துபாஷிகளை நம்பியிருந்த காலம் அது. படத்தில் துபாஷிக்கு வேலையில்லை; துரையே தமிழ் பேசுகிறார். ஒரே மொழியில் மோதினால்தானே வசனத்திற்கு வீச்சு! உண்மைச் சந்திப்போ கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் நடந்த விசாரணையின் விளைவாக ஜாக்சன் பதவியிழக்க, லூஷிங்டன் அவ்விடத்திற்கு வந்தார். நம் நினைவில் அசையாமல் அமர்ந்திருக்கும் துரை, பார்த்திபன் படைத்த துரையே.

இந்தித் திரையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். முசௌரியில் 1950இல் அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த டாம் ஆல்டர், புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர், உருதுவில் தோய்ந்தவர். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) தொடங்கி, திரையுலகம் அவருக்குப் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரி வேடங்களையே அளித்தது. நாடக மேடையிலோ அவர் மௌலானா ஆசாத்தாகவும் காலிப்பாகவும் நின்றார். திரை தோலைப் பார்த்தது, மேடை நாவைப் பார்த்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. 2017இல் அவர் மறைந்தார்.

பார்த்திபன் 2021 ஜனவரியில் காலமானார். வேறு பல படங்களில் நடித்திருந்தும், செய்திகள் அவரை ஜாக்சன் துரை என்றே அறிமுகம் செய்தன. அன்று மாலை ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார் ஒரு நண்பர். பவுடர் பூசப்பட்ட அதே பையன்தான். “நம்ம தொர போய்ட்டாருப்பா” என்றார்.