கால் உளைச்சலும் மன உளைச்சலும்

எங்கள் ஆச்சிக்கு விளக்கை அணைத்துப் படுத்ததும் கால் குடைய ஆரம்பிக்கும். “ஏட்டி, கொஞ்சம் கால மிதிச்சு விடு” என்பாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கெண்டைக்கால் மேல் ஏறி நடப்பேன். மிதிக்கும் வரை சுகம். இறங்கியதும் மறுபடி குடைச்சல். கடைசியில் பழைய சேலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். விடியற்காலையில்தான் கண் அயரும். வயசானா கால் குடையத்தானே செய்யும் என்றார்கள் வீட்டில். ஆச்சிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

எனக்கு அது முப்பத்தொன்றில் வந்தது. அதற்கு முன்பே இன்னொன்று வந்து குடியேறியிருந்தது. இன்றைக்குக் கழுத்து, நாளைக்கு இடுப்பு, அடுத்த வாரம் தொடை என்று உடம்பைச் சுற்றி வரும் வலி. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியது போல அசதி. யாராவது பாசமாகத் தோளில் தட்டினால்கூட உயிர் போகும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாயிற்று. “எல்லாம் நார்மல்மா. டென்ஷனக் குறைங்க.” நான்கு டாக்டர்கள், ஒரே வசனம். ஐந்தாவது டாக்டர்தான் அந்த வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். கால் குடைச்சலின் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று தெரிய மேலும் ஒன்றரை வருடம் ஆனது.

பெயர் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பெயர்களின் வரலாற்றைத் தேடிப் படித்தது. குணமாகும் வழி கிடைக்கும் என்று நினைத்துப் படிக்கவில்லை. “எல்லாம் நார்மல், உங்க மனசுதான் காரணம்” என்கிற வசனத்தை முதலில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

1

கால் குடைச்சலை மருத்துவ நூலில் முதன்முதலாகத் தெளிவாக எழுதியவர் தாமஸ் வில்லிஸ். சாதாரண ஆள் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய்கள் வளையமாகச் சேரும் இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். நியூராலஜி என்கிற சொல்லே அவர் உண்டாக்கியது. 1664இல் வெளிவந்த அவருடைய மூளை உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர், பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்.

1672இல் வில்லிஸ் லத்தீனில் எழுதிய ஒரு நூலில் சில நோயாளிகள் வருகிறார்கள். தூங்கலாமென்று படுக்கைக்குப் போனவுடன் அவர்களுடைய கைகால்கள் துள்ளுகின்றன, நரம்பு சுண்டி இழுக்கிறது. ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரள்கிறார்கள். சித்திரவதைக் கூடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு தூக்கம் வருமோ அவ்வளவுதான் அவர்களுக்கும் வரும் என்கிற பொருளில் எழுதுகிறார். இதைப் படித்த ராத்திரி நான் அழுதேன். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் நோயாளி சொன்னதை அப்படியே நம்பி எழுதிவைத்திருக்கிறார். அவர் கொடுத்தது அபினிலிருந்து செய்த மருந்து. மற்ற மருந்துகள் எல்லாம் தோற்றுப்போன கடுமையான நிலைகளில் இன்றைக்கும் அதே வகை மருந்தைக் குறைந்த அளவில் தருகிறார்கள்.

பிறகு நீண்ட இடைவெளி. 1861இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடோர் விட்மாக் இதற்கு லத்தீனில் ‘அங்ஸியெட்டாஸ் டிபியாரும்’ என்று பெயர் வைத்தார். கணைக்கால்களின் பதற்றம் என்று சொல்லலாம். அழகான பெயர்தான். ஆனால் அதை ஹிஸ்டீரியாவின் அறிகுறி என்று வகைப்படுத்தினார். ஹிஸ்டீரியா என்கிற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கால் பதறியது, பழி பெண்ணின் மனசுக்குப் போயிற்று.

அதை மீட்டுக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் நரம்பியலாளர் கார்ல்-ஆக்ஸல் எக்போம். 1944இல் ஒரு கட்டுரை, 1945இல் ஒரு முழு நூல். வாயில் நுழையாத லத்தீன் பெயர் ஒன்றை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்கிற எளிய பெயருக்கு வந்து சேர்ந்தார். நோயாளிகளைச் சோதித்துப் பார்த்தால் நரம்பு மண்டலத்தில் ஒரு குறையும் தெரியாது என்று எழுதியவரும் அவர்தான். ஆனால் அதை வைத்து நோயே இல்லை என்று அவர் முடிவுகட்டவில்லை. சோதனையில் தெரியாததால் நோயாளியைக் கேட்டார். ராத்திரியிலா பகலிலா? உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? இன்றைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்க உள்ள வழி இந்தக் கேள்விகள்தான். எந்த ஸ்கேனும் காட்டாது.

2

என்னுடைய இன்னொரு நோயின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1904இல் வில்லியம் கவர்ஸ் என்கிற புகழ்பெற்ற நரம்பியலாளர் இடுப்பு வலியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தசையில் உள்ள நார்த் திசு அழற்சி அடைவதால் இந்த வலி வருகிறது என்று கருதி, ‘ஃபைப்ரோசைடிஸ்’ என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் ரால்ஃப் ஸ்டாக்மன் என்கிற ஸ்காட்லாந்து மருத்துவர் தசைத் துண்டுகளை எடுத்துப் பார்த்து, அழற்சி இருக்கிறது என்றார். பின்னால் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இல்லாத அழற்சியின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த நோய் எழுபது வருடம் வாழ்ந்தது.

அழற்சி கிடைக்காதபோது என்ன செய்வார்கள்? வழக்கமான வேலைதான். இரண்டாம் உலகப் போரில் உடம்பெல்லாம் வலி என்று வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர்கள் போலண்டும் கோரும் 1943இல் எழுதிய கட்டுரையில் ‘சைக்கோஜெனிக் ருமாட்டிசம்’ என்கிற பெயர் வருகிறது. மனசிலிருந்து கிளம்பும் வாதம். இந்த முறை மாட்டிக்கொண்டவர்கள் ஆண்கள். என் நான்கு டாக்டர்களும் சொன்ன வசனத்துக்கு இப்படி ஒரு ராணுவப் பரம்பரை இருக்கிறது.

திருப்பம் டொரண்டோவில் நடந்தது. ஹார்வி மோல்டோஃப்ஸ்கி மனநல மருத்துவர். ஹ்யூ ஸ்மைத் வாத நோய் மருத்துவர். இரண்டு துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, இந்த நோயாளிகள் தூங்கும்போது அவர்களுடைய மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் மெதுவான அலைகள் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில், விழித்துக் கண்ணை மூடியிருக்கும்போது வரும் ஆல்ஃபா அலைகள் ஊடுருவியிருந்தன. உடம்பு தூங்குகிறது, மூளையின் ஒரு பகுதி திண்ணையில் காவல் உட்கார்ந்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். ஆரோக்கியமான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பி மேலே இழுத்தார்கள். முழுசாக எழுப்பவில்லை, கலைத்தார்கள், அவ்வளவுதான். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைகள் வலிக்க ஆரம்பித்தன, தொட்டால் கூசியது. ஆழ்ந்த தூக்கம் திரும்பியதும் சரியாயிற்று. 1975இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகு, “வலியால் தூக்கம் வரலியா, தூக்கம் வராததால வலியா?” என்கிற கேள்விக்கு இரண்டு பக்கமும் பாதை இருப்பது தெரிந்தது.

1976இல் ஃபைப்ரோமயால்ஜியா என்கிற பெயர் வந்தது. நார், தசை, வலி என்று மூன்று சொற்களின் சேர்க்கை. ‘அழற்சி’ போய் ‘வலி’ வந்துவிட்டது. அதாவது, மருத்துவர் தேடியதன் பெயரை எடுத்துவிட்டு நோயாளி சொன்னதன் பெயரை வைத்தார்கள். 1990இல் உடம்பில் பதினெட்டு இடங்களை விரலால் அழுத்தி, பதினொன்றிலாவது வலித்தால் இந்த நோய் என்று விதி செய்தார்கள். 2010இல் புள்ளிக் கணக்கு இல்லாமலே நோயைக் கண்டறியும் அளவுகோல் வந்தது. இடையில் 2002இல், நோயாளிகளின் கட்டைவிரலை மெதுவாக அழுத்திக்கொண்டே ரிச்சர்ட் கிரேஸ்லியின் குழு மூளையைப் படம் எடுத்தது. நோயாளிகளுக்கு லேசான அழுத்தத்திலேயே மூளையின் வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மற்றவர்களுக்கு அதே அளவு வலி தெரிய இன்னும் பலமாக அழுத்தவேண்டியிருந்தது. நடிப்பு என்று சொன்னவர்களுக்கு அந்தப் படமே பதில். 2021இல் இன்னொரு அதிர்ச்சி: நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை எலிகளுக்கு ஏற்றியபோது, எலிகளுக்கும் அழுத்தமும் குளிரும் வலித்தன. எலிக்கு என்ன டென்ஷன்?

3

இந்த இரண்டு கதைகளும் தனித்தனி கட்டடங்களில் நடந்தன. ஒன்று நரம்பியல் துறையில், இன்னொன்று வாத நோய்த் துறையில். இரண்டும் ஒரே உடம்பில் இருக்குமா என்று எண்ணிப் பார்த்தவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். 1996இல் முகம்மது யூனுஸும் ஜீன் ஆல்டாகும் வெளியிட்ட ஆய்வில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் 31 சதவீதம் பேருக்குக் கால் குடைச்சலும் இருந்தது. ஆரோக்கியமானவர்களில் 2 சதவீதம். 2010இல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் இந்தக் கணக்கு 33க்கு 3. மூன்றில் ஒருவர். அப்படியென்றால் முதல் நோயைச் சொன்ன நாளிலேயே இரண்டாவதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கவேண்டும்.

கேட்காததால் நடந்தது இது. வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ராத்திரியில் எனக்கு அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தார்கள். ஃபைப்ரோமயால்ஜியாவுக்குப் பல வருடங்களாகத் தரும் மருந்து, பலருக்குக் கேட்கிறது. ஆனால் அதே மருந்து கால் குடைச்சலைக் கூட்டக்கூடியது. சளி, அரிப்புக்குத் தரும், தூக்கம் வரவைக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். மாத்திரை போட்ட இரண்டாவது வாரம் நான் ஹாலில் மூன்று மணி வரை நடந்துகொண்டிருந்தேன். போய்ச் சொன்னபோது, பதற்றம் என்று டோஸைக் கூட்டினார்கள். விட்மாக் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

கடைசியில் ஒரு தூக்க மருத்துவர் முதலில் கேட்டது ஃபெரிட்டின் ரிப்போர்ட்டை. உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு. எனக்கு 19. லேப் தாளில் அது நார்மல். இங்கேயும் ஒரு பழைய கதை. 1953இல் ஸ்வீடன் மருத்துவர் நோர்ட்லாண்டர் இந்த நோயாளிகளுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றிப் பார்த்தார், பலருக்குக் கேட்டது. ரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தாலும் திசுக்களில் குறைந்திருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். 2000இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தண்டுவட நீரைச் சோதித்தபோது, ரத்தத்தில் வித்தியாசம் இல்லாதவர்களுக்கும் மூளைப் பக்கம் இரும்பு குறைவாக இருந்தது. இரும்பு இல்லாமல் மூளையில் டோபமைன் ஒழுங்காக வேலை செய்யாது. இந்த நோயில் ஃபெரிட்டின் 75 வரை இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் இப்போது. லேப்பின் நார்மல் வேறு, என் காலின் நார்மல் வேறு.

அமிட்ரிப்டிலினை மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். இரண்டு நோய்களுக்குமே உதவக்கூடிய பிரிகாபலின் தொடங்கினார், கூடவே இரும்பு. நான்கு மாதம் கழித்து வாரத்தில் ஐந்து ராத்திரி தூங்கினேன். வலி போய்விடவில்லை. ஆனால் கால் அடங்கிய ராத்திரிக்கு மறுநாள் தோள் வலியும் கொஞ்சம் அடங்குகிறது. டொரண்டோ ஆய்வை நான் என் உடம்பில் தலைகீழாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் இதற்கு உளைச்சல் என்றும் ஒரு சொல் உண்டு. ஊரில் கால் உளைச்சல், கை உளைச்சல் என்பார்கள். நகரத்துக்கு வந்த பிறகு நான் கேட்டதெல்லாம் மன உளைச்சல்தான். உடம்பிலிருந்து மனசுக்கு இந்தச் சொல் குடிபெயர்ந்துகொண்டிருக்கும்போதே நோயாளியும் கூடவே பெட்டி கட்டவேண்டியிருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இது பரம்பரையாகவும் வரும், ஆச்சிக்கு இருந்தது இதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆச்சி ஏழு பெற்றவள். ஒவ்வொரு பேறுகாலத்திலும் ரத்தம் போனது. ஒரு தடவைகூட யாரும் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், “எனக்கும் ராத்திரி குடையத்தான் செய்யுது” என்றாள்.

“எத்தன வருசமாம்மா?”

“நீ பொறந்ததுலேருந்து.”

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு அவளை லேபுக்கு அழைத்துப்போனேன்.