பாலூட்டும் மரியாவும் பாலூட்டும் தாயும்: மேலைத் திருச்சபையில் மாறிய மனப்பாங்குகள்

ஆய்வுச் சுருக்கம்

தாய் குழந்தைக்குப் பாலூட்டும் காட்சி ஒரு காலத்தில் ஐரோப்பியத் தேவாலயங்களில் வணக்கத்திற்குரிய படிமமாக விளங்கியது. பின்னர் அதே செயல் வழிபாட்டிடத்திற்குப் பொருந்தாததாக எண்ணப்பட்டது. இம்மாற்றத்தின் வரலாற்றையும், படிமத்திற்கும் நடைமுறைக்கும் இடையே தொடக்கத்திலிருந்தே நிலவிய இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலூட்டும் மரியா, திரெந்துப் பொதுச்சங்கம், செவிலி, பொதுவிடம், திருச்சபை வரலாறு.

முன்னுரை

2014 ஜனவரி 12 அன்று வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். குழந்தைகள் பசியால் அழுதால் தயங்காது பாலூட்டுமாறு அவர் தாய்மாரிடம் கூறியது உலகச் செய்தியாயிற்று. பசித்த குழந்தைக்குப் பாலூட்டச் சமயத் தலைவர் ஒருவரின் சொல் ஏன் தேவைப்பட்டது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

பீடத்தின் மேல் பாலூட்டும் தாய்

இயேசுவுக்குப் பாலூட்டும் மரியாவின் உருவம் எகிப்தின் சக்காரா முதலிய இடங்களிலிருந்த காப்டிக் மடங்களின் சுவரோவியங்களிலேயே காணப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தொசுக்கானாப் பகுதியில் இவ்வுருவம் பெருகிப் பரவியது. சியெனாவில் அம்புரோஜியோ லொரென்செத்தி தீட்டிய ஓவியம் இதற்குச் சிறந்த சான்றாகும். இறைமகன் பால் பருகினார் என்பது அவர் மெய்யாகவே மனித உடல் எடுத்தார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. கிளேர்வோ பெர்நார்துக்கு மரியாவின் பால் அருளப்பட்டதாகக் கூறும் புனைவும் இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றது. மரியாவின் பால் எனப்பட்ட திருப்பண்டங்கள் பல ஆலயங்களில் வைத்து வணங்கப்பட்டன. அவற்றை எராஸ்மஸ் 1526இலும் கால்வின் 1543இலும் எள்ளி நகையாடினர்.

படிமமும் நடைமுறையும்

படிமம் போற்றப்பட்டதைக் கொண்டு தாய்மாரும் அவ்வாறே வரவேற்கப்பட்டனர் எனக் கருதவியலாது. ஆண் மகவு பிறந்தால் 40 நாளும் பெண் மகவு பிறந்தால் 80 நாளும் தாய் தூய்மை பெறக் காத்திருக்க வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம். இதன் தாக்கத்தால், பேற்றுக்குப் பின் ஏறத்தாழ 40 நாள் கழித்துத் தாயை ஆலயத்திற்குள் வரவேற்கும் சடங்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது.

ஆயினும் மாற்றுக்குரலும் இருந்தது. பீட் தம் திருச்சபை வரலாற்றில் தரும் முதலாம் கிரகோரியின் விடை, பேறு முடிந்த உடனேயே தாய் ஆலயத்தில் நுழைவது குற்றமன்று என்கிறது. குழந்தையைப் பிறரிடம் பாலூட்டக் கொடுக்கும் வழக்கத்தையும் அது கண்டிக்கிறது. எனினும் அவ்வழக்கம் நீடித்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் புளோரன்சின் செல்வக் குடும்பங்கள் கூலிக்குப் பாலூட்டும் செவிலியரிடம் குழந்தைகளை ஒப்படைத்தன. பாலூட்டும் மரியாவை வணங்கிய இல்லங்கள் பலவற்றில் பெற்றவள் பாலூட்டவில்லை.

மறைப்பின் காலம்

1563 டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் தன் 25ஆம் அமர்வில், திருவுருவங்களில் காமச்சாயல் தவிர்க்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. அவ்வாணை பாலூட்டலைப் பெயர் குறித்துத் தடை செய்யவில்லை. ஆனால் திறந்த உடலை ஐயுறும் பார்வைக்கு அது வலுவூட்டியது. 1565இல் சிஸ்டைன் சிற்றாலயத்தின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்திலிருந்த ஆடையற்ற உருவங்கள் மேல் தானியேலே தா வொல்தெர்ரா துகில் தீட்டினார். பாலூட்டும் மரியாவின் உருவங்களும் மெல்லக் குறைந்தன. இதற்குச் சங்கத்தின் ஆணை மட்டுமே காரணமன்று. பெண்ணின் மார்பு சமயப் பொருளை இழந்து காமத்திற்கும் மருத்துவத்திற்கும் உரியதாக மாறியது என மார்கரெட் மைல்ஸ் (2008) நிறுவுகிறார்.

சீர்திருத்தச் சபைகள் உருவங்களை அகற்றினும் பாலூட்டலைக் கடமையாகப் போதித்தன. இங்கிலாந்தில் வில்லியம் கூஜ், லிங்கன் கோமகள் எலிசபெத் கிளிண்டன் ஆகிய இருவரின் நூல்களும் 1622இல் இதனையே வலியுறுத்தின. ஆயின் கூஜ் அதனை இல்லறக் கடமைகளுள் ஒன்றாகவே வைத்தார். கடமை உயர்ந்தது, அதற்குரிய இடமோ வீட்டளவில் சுருங்கியது.

சட்டமும் பார்வையும்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினா சட்டத்தின் களத்திற்கு வந்தது. புளோரிடா மாநிலம் 1993இல் பொதுவிடத்தில் பாலூட்டும் உரிமையை உறுதிசெய்தது. ஸ்காட்லாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவிடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுவதைத் தடுப்போரைக் குற்றவாளியாக்கியது. இங்குத் தடுப்பவரே விடைகூற வேண்டியவர் என்பது கருதத்தக்கது. எனினும் அருகிலிருப்போரின் முகச்சுளிப்பைச் சட்டம் தண்டிக்க இயலாது. தாய் எழுந்து வெளியேற அதுவே போதும்.

முடிவுரை

ஆலயத்தில் பாலூட்டுவது குறித்த கூச்சம் தொன்மையான சமயக் கோட்பாடன்று. வரலாற்றில் உருவான மனப்பாங்கு என்பது மேற்கண்டவற்றால் புலனாகிறது. அதே வேளையில், படிமத்தை வணங்கிய காலத்தைப் பொற்காலமாகக் கொள்வதும் பிழையாகும். வரையப்பட்ட தாய்க்குப் பீடத்தில் இடமளித்த சமூகம், வாழும் தாயை 40 நாள் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1565இல் துகில் தீட்டப்பட்ட அதே சுவரின் முன் 2014இல் தாய்மார் பாலூட்ட அழைக்கப்பட்டனர். அவ்வழைப்பின் சிறப்பு புதியதொன்றைத் தந்ததில் இல்லை; படிமத்திற்கு அளித்த இடத்தை உயிருள்ள தாய்க்கும் அளித்ததில் உள்ளது.