பத்து, பதினைந்து, ஐந்து: நம் பிள்ளைகளின் பள்ளிக் கதை



பொன்விழா மலருக்கு ராசா வட்டாரத்தில் நம் பிள்ளைகள் படித்த கதையை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் காக்கா கேட்டபோது தயங்கினேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்பவன். ஆனால் என் மகளுக்கு ஐந்து வயதாகிறது. முதலாம் ஆண்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா என்று வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு. அந்தப் பேச்சுதான் என்னைப் பழைய சட்டங்களைத் தேடிப் படிக்க வைத்தது. கடைக்காரன் கண்ணுக்கு எண்கள்தான் முதலில் படும். எனக்குப் பட்டவை மூன்று: 10, 15, 5.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி

நெகிரி செம்பிலானில் ரப்பர் வந்த காலத்தில் பள்ளியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டம் எதுவோ அதுதான் பள்ளி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி எழுந்தவைதான் நம் தோட்டப் பள்ளிகளில் பல. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடக்கும். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். காலையில் பால்மர வேலைக்குத் தாயும் தகப்பனும் போய்விட்டால், பள்ளி வயது வராத குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை. வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும், ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். இன்று நாம் மாதக் கட்டணம் கட்டித் தேடுகிற குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு அதுதான் மூத்த அக்காள். விளையாட்டுக்கு லயத்து வாசலும் தோட்டத் திடலும் இருந்தன.

நம் ஆட்கள் அந்தப் பத்துப் பேர் கணக்கில் பெரும்பாலும் வரவில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள் சபராளிகள். தோட்டத்து ஓரத்தில் கடை வைத்து, சம்பள நாளில் கடன் வசூலித்து, சில வருடங்களுக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வருவார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற கேள்வியே இந்த மண்ணில் எழவில்லை.

அதை எழுப்பியது குடிநுழைவுச் சட்டம். 1953இல் அது நடைமுறைக்கு வந்த பிறகு வருவதும் போவதும் கடினமாயிற்று. இங்கே இருப்பதா, அங்கே இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை. என் பாட்டனார் பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த என் அத்தாவையும் அழைத்துக்கொண்டார். கடையில் கூட்டம் அதிகமான நாட்களில் அத்தாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வருவார்களாம். பெரியவரானதும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. மாலையில் வீட்டுத் திண்ணையில் பாட்டியிடம் குர்ஆன் ஓதுவார்.

பதினைந்துக்கு எட்டாத ஆறு

நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தபோது, அதில் நம்மைத் தொடும் இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டிலும் எண் ஒன்றே. ஒரு பள்ளியில் முஸ்லிம் மாணவர்கள் 15 பேருக்குக் குறையாமல் இருந்தால் சமயக் கல்வி உண்டு. தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு உண்டு.

அத்தா படித்த தோட்டப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் ஆறு பேர்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்னொரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும். ஆறு பேருக்கு உஸ்தாஸ் வரமாட்டார். ஆறாம் வகுப்பு முடிந்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் படித்து, பிறகுதான் இடைநிலைப் பள்ளி. கூடப் படித்தவர்களில் பலர் அந்த வருடத்தோடு நின்றுவிட்டார்கள் என்று அத்தா சொல்வார்.

1970 முதல் ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளும் முதலாம் வகுப்பிலிருந்து மலாய் வழிக்கு மாறத் தொடங்கின. நம் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடிய காலம் அதுதான். மலாய்ப் பள்ளியில் உஸ்தாஸ் இருந்தார், இடைநிலைக்குப் போகப் புகுமுக வகுப்பு தேவையில்லை. தமிழை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு மலாய் சரளமாக வந்தது, பாலிடெக்னிக் வரை தடையில்லாமல் போனேன். ஆனால் தமிழ் படிக்கக் கற்றது கடையில்தான். அரிசி மூட்டையில் அச்சடித்த எழுத்தும் அத்தா வாங்கும் தமிழ் நேசனும்தான் எனக்குப் பாடநூல். இந்தக் கட்டுரையின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியவர், தமிழ்ப்பள்ளியில் படித்த என் மனைவி.

நான் படித்த தேசியப் பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளைகள் 15 பேருக்கு மேல் இருந்தோம். ஆனாலும் தமிழ் வகுப்பு நடக்கவில்லை. இப்படி ஒரு உரிமை இருக்கிறதா என்று அண்மையில் அத்தாவைக் கேட்டேன். "தெரியாதுப்பா. தெரிந்தாலும் நான் ஒருத்தன் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றார். ஒருத்தர் கேட்டால் ஆகாது என்பது சரி. மற்ற 14 பெற்றோரும் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவில் அவர் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

சிங்கப்பூரில் கேட்டவர்கள்

தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்தவர்கள் நம்மில் உண்டு. சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் தங்கள் முஸ்லிம் லீக் மூலம் 1946இல் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளின் பக்கம் திரும்பத் திரும்ப மாணவர் குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. மறு ஆண்டே உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அரசாங்கம் தொடங்கிய நிலையம் இன்றும் தமிழ் கற்பிக்கிறது. அந்த லீக்கில் இருந்தவர்கள் பெரும் செல்வர்கள் அல்லர். உழைப்பாளிகளும் சிறு வியாபாரிகளும்தான். நம்மைப் போன்றவர்கள்.

இன்று ஐந்து போதும்

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ஒரு எண் மாறியது. பலருக்கு இது தெரியவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு கல்விக்கூடத்தில் முஸ்லிம் மாணவர்கள் 5 பேர் இருந்தாலே இஸ்லாமியக் கல்வி கொடுக்கப்பட வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கும் இது பொருந்தும். ஒரே வகுப்பில் ஐந்து பேர் இருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளி முழுவதையும் சேர்த்துத்தான் கணக்கு. என் அத்தாவும் அவர் கூட்டாளிகளும் இன்று படித்திருந்தால், அந்த ஆறு பேருக்கும் உஸ்தாஸ் வந்திருப்பார். "தமிழ்ப்பள்ளியில் போட்டால் மார்க்கம் போய்விடும்" என்று சொல்வோர் பழைய எண்ணை வைத்துப் பேசுகிறார்கள். தேசியப் பள்ளியில் தமிழுக்கு இன்றும் 15 பெற்றோர் கேட்க வேண்டும், அது மாறவில்லை.

பள்ளிக்கு முந்தைய வயதுக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் 4 பேர் அல்லது அதற்கு மேல் கட்டணத்துக்குப் பராமரிக்கப்படும் இடம், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நான்கு வயது முதல் ஆறு வயது வரைக்கான பாலர் பள்ளியை 1996ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. எனவே வீட்டுப் பக்கத்தில் பிள்ளையை விடும் இடத்தில் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். கதவுக்கு எத்தனை பூட்டு, சமையலறை எங்கே, ஓடியாட இடம் உண்டா, ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள். என்ன மொழியில் தாலாட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். முதல் மொழி அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

தோட்டங்கள் குறைந்துவிட்டன. ராசாவுக்குப் பக்கத்தில் மரங்கள் நின்ற நிலத்தில் 1990களில் சிரம்பான் 2 எழுந்தது. தோட்டத் திடலுக்குப் பதில் தாமானுக்குள் ஊஞ்சலும் சறுக்கும் கொண்ட சிறு திடல்கள் வந்திருக்கின்றன. மாலையில் அங்கே நின்று கவனித்தேன். நம் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் தமிழில் பேசுவதில்லை. எதிரில் நிற்பவனுக்கும் வீட்டில் தமிழ்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெற்றோருக்கே ஒருவரையொருவர் தெரியாதபோது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

முன்பு எண்ணிக்கையைத் தோட்டம் தானாகச் சேர்த்துத் தந்தது. எல்லாரும் ஒரே லயத்தில் இருந்தோம். இன்று தாமான் தாமானாகச் சிதறிக் கிடக்கிறோம். நம்மைச் சேர்த்து எண்ணக்கூடிய ஒரே இடம் இந்தச் சங்கம்தான். முதலாம் ஆண்டுப் பதிவு பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நோன்புப் பெருநாள் ஒன்றுகூடலில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று எடுப்போம். எந்தப் பள்ளி என்பது அவரவர் உரிமை. ஆனால் முடிவெடுக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். தமிழ்ப்பள்ளிக்கு ஐந்து பேர் சேர்ந்தால் உஸ்தாஸைக் கேட்போம். தேசியப் பள்ளிக்குப் பதினைந்து பேர் சேர்ந்தால் தமிழ் ஆசிரியரைக் கேட்போம்.

எங்கள் வீட்டுப் பேச்சு போன வாரம் ஒரு முடிவுக்கு வந்தது. மகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். அங்கே இப்போது முஸ்லிம் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. என் மகள் ஒன்று, இன்னும் நான்கு பேர் வேண்டும். இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், மளிகைக் கடைக்கு வாருங்கள். தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம், இன்ஷா அல்லாஹ்.