அரக்கும் பியானோவும்

செங்கல்பட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஹெட் கிளார்க் தாசில்தாரின் மேஜையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இது பிரெஞ்சு பாலிஷாம். உங்க ஊர் சரக்குதானே?" புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் அந்தக் கேலி. ஆனால் நான் படித்த பிரெஞ்சில் "பிரெஞ்சு பாலிஷ்" என்றொரு சொல்லே கிடையாது. "வெர்னி ஓ தம்போன்" என்பார்கள். துணி உருண்டையால் பூசும் மெருகு என்று பொருள். பிரெஞ்சு என்ற அடைமொழி வெள்ளைக்காரன் வைத்தது.

பள்ளியில் ஒரு கறுப்புப் பியானோ இருந்தது. அதன் மூடியில் காம்பஸ் முள்ளால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறிய புண்ணியவான் நான்தான். அடி வாங்கியது பெரிதில்லை. அதைச் சரி செய்ய வந்த ஆசாரியின் பக்கத்தில் மூன்று நாள் நிற்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்கள். அதுதான் என் வாழ்வில் கிடைத்த நல்ல பாடம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சில் நனைத்து, பழைய வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டு போட்டும் தேய்த்தார். புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சையும் இளக்கும். இரண்டும் ஒன்றாகிவிடும். கீறல் மறைந்தது அப்படித்தான்.

அந்த அரக்கு நம் நாட்டுச் சரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது. பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையும், 78 சுழற்சி இசைத்தட்டும், நான் முப்பது வருடம் தபால் உறைகளில் உருக்கி வைத்த முத்திரையும் அதன் உறவுக்காரர்கள்தான். அரக்குக்கென்றே ராஞ்சி அருகே நாம்குமில் 1924ல் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இந்த மெருகு பரவியது. அந்தப் பளபளப்போடு பியானோக்கள் சென்னைக்குத் திரும்பி வந்தன. 1842ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கி, பின்னாளில் மியூசி மியூசிகல் என்றான கடையை உங்களில் பலர் அண்ணா சாலையில் பார்த்திருப்பீர்கள்.

1920களில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வந்தது. உலகப் போருக்குப் பிறகு பாலியெஸ்டர். கண்ணாடி போல மின்னும், தடிமனும் அதிகம். ஆனால் இது ஸ்பிரிட்டுக்கு இளகாது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் கருங்கல்லுக்கு மெருகேற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்: கீறலைச் சுற்றிய பரப்பை நீர் தொட்டு மெல்லிய எமரித் தாளால் தாழ்த்தி, இன்னும் மெல்லிய தாளால் அந்தத் தேய்ப்பின் கீறலை எடுத்து, கடைசியில் காம்பவுண்ட் போட்டு மெருகேற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தவறு செய்தேன். மாமல்லபுரம் கடற்கரையோரம் என் நண்பரின் வீட்டில் அவருடைய தாயாரின் பியானோ இருந்தது. உப்புக் காற்றில் பூச்சு வெளுத்து, மூடியில் நீளமாக ஒரு கீறல். "கார் பாலிஷ் மெஷின் வைத்திருக்கும் பையன் அரை மணியில் முடிப்பான்" என்று அழைத்துப் போனேன். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், பிசுபிசுத்தால் அரக்கு. நான் பார்க்கவில்லை. மெஷின் சூட்டில் அரக்கு இளகி, சுருண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

புதுச்சேரியில் தேடி, ஒரு கிழவரை என் செலவில் அழைத்து வந்தேன். ஆறு நாள் தேய்த்தார். நான் துணி கிழித்துக் கொடுத்தேன். பகலில் தெரியாது. மாலையில் மேற்குச் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் அந்த இடம் தெரியும். நண்பரின் மனைவி அந்த நேரத்தில்தான் வாசிப்பார். நான் போனால் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.