மில்கிராம் கீழ்ப்படிதல் சோதனை

அதிகாரத்தில் உள்ளவர் ஆணையிட்டால் சாதாரண மனிதர் பிறரை எந்த அளவுக்கு வதைப்பார் என்று அறிய, உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுத் தொடர். 1961 ஆகஸ்டில் தொடங்கி 1962 மே வரை நடந்தது. உளவியலில் ஆய்வு நெறிமுறை பற்றிய விவாதம் எதுவும் இதைத் தொடாமல் போவதில்லை.

நினைவாற்றல் ஆய்வு என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்து ஆட்களைச் சேர்த்தார்கள். ஊதியம் 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். வந்தவரே ‘ஆசிரியர்’ ஆகும்படி சீட்டுக் குலுக்கலில் ஏற்பாடு இருந்தது. ‘மாணவர்’ ஆய்வுக் குழுவின் ஆள். மாணவர் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் மின்னதிர்ச்சியை ஒரு படி கூட்ட வேண்டும். 15 முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள். உண்மையில் மாணவர்மேல் மின்சாரம் பாயவில்லை; அது ஆசிரியருக்குத் தெரியாது. 1963இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். பலர் வியர்த்து நடுங்கினார்கள். மூவருக்குக் கட்டுக்கடங்காத வலிப்பே வந்தது.

இந்த வேதனையைச் சுட்டிக்காட்டி உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964இல் கண்டனம் எழுதினார். பங்கேற்றவர்களில் 84 விழுக்காட்டினர் பின்னர் மகிழ்ச்சியே தெரிவித்ததாக மில்கிராம் பதிலளித்தார். பிற்பாடு வந்த மகிழ்ச்சி முன்கூட்டிப் பெறாத ஒப்புதலுக்கு ஈடாகாது. பலருக்கு உண்மை முழுவதும் அன்றே சொல்லப்படவுமில்லை என்பதை உளவியலாளர் ஜீனா பெரியின் ஆவணக்காப்பக ஆய்வு பின்னாளில் வெளிக்கொணர்ந்தது.

பொய்யைவிடக் கடுமையான குறை ஒன்று சோதனையின் அமைப்பிலேயே இருந்தது. தயங்கியவரிடம் ஆய்வாளர் வரிசையாக நான்கு கட்டளைகளைச் சொல்வார். தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது கடைசிக் கட்டளை. வந்ததற்கே பணம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாலும், விலகும் உரிமையை இக்கட்டளைகள் மறுத்தன. அளக்க விரும்பியது கீழ்ப்படிதலை என்பதால், அந்த மறுப்பே அளவுகோலாகவும் ஆனது.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் நெறிமுறைக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. அதற்கு உடனடிக் காரணம் டஸ்கிகீ மேகநோய் ஆய்வு. பழைய வடிவில் மில்கிராம் சோதனைக்கு இன்று அனுமதி கிடைக்காது. உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009இல் வெளியிட்ட மறுஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. மில்கிராமின் ஒரு வடிவத்தில், மாணவர் விடுவிக்கச் சொல்லி முதலில் கத்தும் 150 வோல்ட்டைத் தாண்டியவர்களில் 79 விழுக்காட்டினர் இறுதிவரை சென்றிருந்தனர். ஆகவே பர்கர் அந்த இடத்திலேயே நிறுத்தினார். மனநலம் சோதித்தே ஆட்களை எடுத்தார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று மும்முறை தெரிவித்தார். முடிந்த உடனே உண்மையைச் சொன்னார். அப்போதும் 70 விழுக்காட்டினர் 150 வோல்ட்டைத் தாண்டத் தயாராயிருந்தனர். அதற்குமேல் 450 வரை எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதை இந்த வடிவம் நேரடியாகக் காட்டாது. அந்த இழப்பைத் தெரிந்தே அவர் ஏற்றார்.