கோ தாவ் தீவில் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி

கோ தாவ், தாய்லாந்து வளைகுடாவின் மேற்குப் பகுதியில், சுராட் தானி மாகாணத்தைச் சேர்ந்த, சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. உல்லாசப் பிரயாணிகளாக வருகின்றவர்கள் சில நாட்கள் தங்கி, காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து கடலுக்கடியில் சுவாசிக்கும் வித்தையாகிய ஸ்கூபா முக்குளிப்பை முறையாகக் கற்றுத் தேர்ச்சிப் பத்திரம் பெற்றுத் திரும்பும் இடங்களுள் இது உலகப் பிரசித்தி பெற்றது. இவ்வித்தைக்கு வேண்டுவது அபாரமான தேகபலம் அன்று. நிதானமாக மூச்சுவிடும் பழக்கமும், நீரின் அழுத்தம் உடலில் என்ன விளைவிக்கும் என்ற தெளிவுமே அதன் ஆதாரங்கள். இவ்விரண்டையும் பெற்றவர் தம்மையும் காத்துக்கொள்கிறார். தாம் காணச் சென்ற பவளப்பாறைகளுக்கும் தீங்கு செய்யாதிருக்கிறார்.

தீவின் வரலாறு

சயாம் மன்னர் சூளாலங்கோர்ண் 1899-இல் இத்தீவுக்கு விஜயம் செய்ததன் அடையாளமாக, மேற்குக் கரையில் சைரீக் கடற்கரையை அடுத்த ஒரு பாறையில் அவருடைய பெயர்முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிறிது காலம் அரசியல் கைதிகளைச் சிறைவைக்கும் தீவாக இது பயன்பட்டது. பின்னர் குடியேறியவர்கள் தென்னை வளர்த்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். 1980களில் சிக்கனப் பிரயாணிகள் வரத் தொடங்கியதும், தெளிந்த நீரும் கரைக்கு அருகிலேயே பவளப்பாறைகளும் இருக்கக் கண்டு, முக்குளிப்புப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

புதியவர்களுக்கு இக்கடல் ஏற்றதாயிருப்பதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு. விரிகுடாக்கள் பல காற்றுக்கு மறைவாக அமைந்து, மணல் தரை கரையிலிருந்து படிப்படியாகத் தாழ்ந்து செல்கிறது. நீரின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. தீவில் விமான நிலையம் இல்லாமையால், சும்போன், சுராட் தானி, கோ சமூய் முதலிய இடங்களிலிருந்து படகேறி மே ஹாட் துறையை அடையவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழையும் அலையும் மிகுந்து நீர் கலங்கிவிடுவதால், பயிற்சிக்கு அக்காலத்தைத் தவிர்ப்பது நலம்.

கருவிகள்

1943-இல் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் ஆகிய இருவரும் உருவாக்கிய சுவாசக் கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு மூலம். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றை வழங்கும் அடைப்பிதழே அக்கருவியின் உயிர்நிலை. இன்று அது ரெகுலேட்டர் என வழங்குகிறது. உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு என்று பலர் எண்ணுவர். சாதாரணப் பயிற்சியில் அது நாம் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றே, ஏறக்குறைய 200 பார் அழுத்தத்துக்குச் செறித்து அடைக்கப்பட்டது. காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் சட்டை, ஈயக் கட்டிகள் கோத்த இடுப்புப்பட்டை, மூக்கையும் மூடும் கண்ணாடி, கால்துடுப்புகள், எஞ்சிய காற்றைக் காட்டும் மானி, துணைவருக்கு ஆபத்தில் கொடுப்பதற்கான இரண்டாவது ரெகுலேட்டர் ஆகியவை ஏனைய சாதனங்கள்.

அழுத்தத்தின் விதிகள்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்று இராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி, முக்குளிப்பவரின் நுரையீரலுக்கும் செவிக்கும் அப்படியே பொருந்துகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிரம்ப இழுத்த காற்று, மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் இருமடங்காக விரிய முற்பட்டு நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். ஆதலால், நீருக்கடியில் எக்காரணத்தாலும் மூச்சை நிறுத்தலாகாது என்பதே இக்கலையின் தலையாய விதி. இறங்கும்போது செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமப்படுமாறு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதவேண்டும். வலி தோன்றியபின் ஊதுவதைவிட, தோன்றுமுன்னரே அடிக்கடி ஊதுவது உத்தமம்.

இரண்டாவது அபாயம் நைட்ரஜனால் விளைவது. ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதால் இவ்வாயு இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும். இந்நோய்க்கு நைட்ரஜனே காரணம் என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் 1878-இல் நூலாக விளக்கினார். படிப்படியாக நின்று மேலேறுவதற்கான அட்டவணைகளை ஜான் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். இன்று பயிலுவோர் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கிப் பின் மேலே வருவதும், பல முறை முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதிருப்பதும் இவ்வறிவின் பயன்கள்.

பயிற்சி முறை

1966-இல் தோன்றிய பாடி, 1970-இல் தோன்றிய எஸ்.எஸ்.ஐ. ஆகிய சர்வதேச ஸ்தாபனங்களின் பாடத்திட்டங்களையே இத்தீவின் பள்ளிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. முதற்படியான திறந்தநீர்ப் பயிற்சி மூன்று அல்லது நான்கு நாட்களில் முடிவது. ஆஸ்துமா, இருதயநோய், வலிப்பு முதலியவை உண்டா என்று முதலில் வினவி, உண்டெனில் மருத்துவரின் அனுமதியைக் கோருவர். இவ்வினாக்களுக்கு மறைக்காமல் விடையளிப்பது மாணவரின் முதற்கடமை. பாடியின் திட்டத்தில் 10 வயது நிரம்பியவர் சேரலாம். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

வகுப்புப் பாடத்தை அடுத்து, நீச்சல்குளத்திலோ ஆழமற்ற விரிகுடாவிலோ அப்பியாசங்கள் நிகழ்கின்றன. கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்டெடுத்தல், துணைவரின் காற்றைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆகியவை பதற்றமின்றிக் கைகூடும் வரை மீண்டும் மீண்டும் செய்விக்கப்படும். நீரில் பேச்சு இயலாமையால் கைச்சைகையே மொழி: பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்தால் ‘நலம்’, பெருவிரலை மேல்நோக்கி உயர்த்தினால் ‘மேலே செல்வோம்’. கரையில் பாராட்டாக வழங்கும் இப்பின்னைய சைகையை நீரில் அப்பொருளில் காட்டலாகாது. இறுதியாக நான்கு முறை திறந்த கடலில் இறங்கித் தேறியவர், 18 மீட்டர் ஆழம் வரை துணைவருடன் முக்குளிக்கும் உரிமை பெறுகிறார்.

இடங்களும் உயிரினங்களும்

கோ நாங் யுவான் என்னும் அண்டைத் தீவை ஒட்டிய ஜப்பானியத் தோட்டம், இரட்டைப்பாறை ஆகியவற்றிலும், வெள்ளைப்பாறையிலும் புதியவர்கள் முதலில் இறங்குவது வழக்கம். கடற்சாமந்திகளுக்குள் ஒளியும் கோமாளி மீன்கள், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்கள், களவாய்கள், அழுங்காமைகள் ஆகியவற்றை அங்கே காணலாம். கூடு காக்கும் பருவத்தில் பெருங்கிளாத்தி மீன் நெருங்குவோரைத் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை மேல்நோக்கி விரிவது என்பதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும். சும்போன் முகட்டிலும் பாய்மரப் பாறையிலும் சீலாக் கூட்டங்களும், வாய்ப்பிருந்தால் திமிங்கிலச் சுறாவும் தென்படும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்டு, பின்னர் தாய்லாந்துக் கடற்படையில் பணியாற்றிய சட்டகுட் என்னும் கப்பல், 2011-இல் இங்கே ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதைக் காண உயர்நிலைப் பயிற்சி தேவை.

பவளமும் முக்குளிப்பவரும்

பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமேறித் தாய்லாந்து வளைகுடாவின் பவளங்கள் பரவலாக வெளிறின. அந்த இடருக்குமேல், பயிலுவோர் கூட்டங்கூட்டமாக இறங்கும் பாறைகள் கால்துடுப்பின் உதைகளையும் தாங்கவேண்டியிருக்கிறது. மிதப்பு நடுநிலையில் நிற்கக் கற்றவர் எதையும் தொடாமல் கடக்கிறார். அந்நிலையைத் தருவதோ சீரான மூச்சு. மிதப்புக் கைவருமுன் காமிராவைக் கையில் கொடுக்காத ஆசிரியரையும், சிலரையே ஒரு குழுவாக அழைத்துச் செல்லும் பள்ளியையும் தேடிச் சேர்வது, கட்டணச் சிக்கனத்தைவிடப் பெரிய விவேகம். இத்தீவின் ஜீவனோபாயம் அதன் பவளப்பாறைகளையே நம்பியிருப்பதால், ஒவ்வொரு மாணவரும் நன்கு பயின்று தேறுவது அவருக்கு மட்டுமன்றித் தீவுவாசிகளுக்கும் நன்மை பயக்கும்.