நரி பிடித்தவர்களும் பாம்பு பிடித்தவர்களும்

பூந்தமல்லி, கரையான்சாவடி, ஆவடி என்று இந்தப் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களில் ஊசி, பாசிமணி, சீப்பு விற்கும் நரிக்குறவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் பெயரை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அதில் ஊசியும் இல்லை, பாசியும் இல்லை. நரிதான் இருக்கிறது. அந்த நரி எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சங்க காலத்திலிருந்து 1972ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருக்கிறது. அதே சட்டத்தில் சிக்கிய இன்னொரு சமூகமான இருளர்கள் வேறு வழியில் மீண்டு வந்த கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொறி, வலை, அடார்

தமிழ்நாட்டில் விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்பது மிகப் பழைய தொழில். சங்க இலக்கியத்தில் 'அடார்' என்று ஒரு பொறி வருகிறது. பெரிய கல் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, சின்ன முட்டுக் கொடுத்து வைப்பார்கள். விலங்கு முட்டைத் தட்டினால் கல் மேலே விழும். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக வைத்த அடாரில் புலி வந்து மாட்டிக்கொண்டதாக நற்றிணையின் 119ஆம் பாடல் சொல்கிறது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அன்றைக்குப் பொறி வைத்தது தோலுக்காக அல்ல, பயிரைக் காப்பாற்ற.

உலகத்தின் மற்ற பகுதிகளில் நிலைமை வேறு. கனடாவில் 1670ல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி, நீர்நாய் போன்ற பீவரின் மென்மயிர்த் தோலை வைத்தே பெரிய வணிக சாம்ராஜ்யத்தைக் கட்டியது. குளிர் தேசத்து விலங்குக்கு மயிர் அடர்த்தியாக இருக்கும், விலையும் அதிகம். நம் ஊர் வெயிலில் வாழும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் அந்த அடர்த்தி கிடையாது. அதனால் இங்கே நரித்தோல் கப்பல் ஏறும் சரக்காக வளரவில்லை. பை தைக்க, கறி சாப்பிட, பல்லும் கொம்பும் விற்க என்று அது உள்ளூர்த் திருவிழாக் கடையோடு நின்றுவிட்டது. அந்தச் சின்னச் சந்தையை நம்பி வாழ்ந்தவர்கள்தான் நரிக்குறவர்கள்.

வலையிலிருந்து வந்த பெயர்

நரிக்குறவர்கள் தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி. இது தமிழ்க் குடும்பத்து மொழி அல்ல, குஜராத்திக்கு நெருக்கமானது. வலையைக் குறிக்கும் 'வாகுரா' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வாக்ரி என்ற பெயர் வந்தது என்பார்கள். அதாவது அவர்கள் வைத்துக்கொண்ட பெயரிலும் தொழில்தான் இருக்கிறது, நாம் வைத்த பெயரிலும் தொழில்தான் இருக்கிறது. தெலுங்கிலும் அவர்களை நரியை வைத்தே 'நக்கலவாண்ட்லு' என்று அழைத்தார்கள். தமிழில் 'குருவிக்காரர்' என்ற பெயரும் உண்டு.

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் குருவிக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நரி பிடித்து, அதன் தோலில் பை செய்து, கறியைச் சாப்பிடுபவர்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது.

ஊளையே தூண்டில்

அவர்கள் நரி பிடிக்கும் முறையில் முக்கியமான கருவி வலை அல்ல, தொண்டை. இரவில் குச்சிகளை நட்டு வலையைக் கட்டிவிட்டு, ஒருவர் புதரில் மறைந்து உட்கார்ந்து நரியைப் போலவே ஊளையிடுவார். அதைக் கேட்டுப் பக்கத்தில் உள்ள நரிகள் பதில் கொடுத்துக்கொண்டே ஓடி வரும். வந்த வேகத்தில் வலையில் மாட்டும்.

இது ஏன் பலிக்கிறது? நரிகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஒரு எல்லையை வைத்துக்கொண்டு வாழ்கின்றன. ஊளை என்பது 'இது எங்கள் இடம்' என்ற அறிவிப்பு. தெரியாத ஊளை கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவற்றால் முடியாது. வேட்டைக்காரர் அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்.

இன்றைக்கு ஐரோப்பாவில் இதே இன நரிகளைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சியாளர்கள், பதிவு செய்த ஊளையை ஒலிபெருக்கியில் போட்டு, எத்தனை பதில் வருகிறது என்று எண்ணுகிறார்கள். அங்கே அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். இங்கே அதையே தொண்டையால் செய்தவருக்குக் கிடைத்த பெயர் குறவன். அதுவும் பல நேரங்களில் வசைச்சொல்லாக.

நரிக்கொம்பு

'நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம்' என்பது நம் ஊர் நம்பிக்கை. அதைவிட ஒரு படி மேலே போனது நரிக்கொம்பு. கூட்டத் தலைவனான நரியின் தலையில் சின்னக் கொம்பு இருக்கும், அது கையில் இருந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பினார்கள். இலங்கையிலும் இந்த நம்பிக்கை இருந்ததை எமர்சன் டென்னன்ட் 1861ல் எழுதியிருக்கிறார். சாதாரணமாக நரிக்குக் கொம்பு கிடையாது. சந்தையில் விற்பனையாகும் கொம்பு பெரும்பாலும் எலும்புத் துண்டில் தோலையும் மயிரையும் ஒட்டிச் செய்ததுதான்.

இதில் விற்றவரை மட்டும் குறை சொல்வது எளிது. ஆனால் வாங்கியது யார்? கல்லாப் பெட்டியில் நரிக்கொம்பு வைத்தால் வியாபாரம் பெருகும் என்று நம்பிய ஊர்க்காரர்கள்தானே. தேவை இருக்கும் வரை சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

1972: ஒரே நாளில் குற்றம்

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் கவனிக்கத்தக்கது. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991ல் வந்த திருத்தம் அதையும் மூடியது.

சட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எலியையும் நண்டையும் செத்ததையும் தின்று வயலைச் சுத்தமாக வைத்திருக்கும் நரி, இன்று பல ஊர்களில் கதையில் மட்டும் இருக்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி வலை கட்டி நரியைப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து கும்பிட்டு, பிறகு விட்டுவிடும் 'வங்கா நரி' வழக்கம் உண்டு. அதற்குக்கூட வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது.

வலை போனதும் சிலர் கையில் அதைவிட மோசமான பொருள் வந்தது, இறைச்சிக்குள் வைக்கும் நாட்டு வெடி. 2021ல் திருச்சி மாவட்டத்தில் இப்படி ஒரு நரி கடித்துச் செத்த வழக்கில் 12 பேர் கைதானார்கள். வலை கட்டி ஊளையிடத் தலைமுறைகளின் அனுபவம் வேண்டும். வெடி வைக்க எந்தத் திறமையும் வேண்டாம். எது வாயில் வைத்தாலும் அது வெடிக்கும்.

அதே சட்டம், இன்னொரு முடிவு

இப்போது இருளர்களைப் பார்ப்போம். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளர்கள் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். தோல் வியாபாரிகளுக்குப் பாம்புத்தோல் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972 சட்டமும், 1976ல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பையும் ஒரேயடியாக நிறுத்தின. இதுவரை இரண்டு சமூகங்களின் கதையும் ஒன்றுதான்.

இங்கேதான் பாதை பிரிகிறது. 1978ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து வருவார்கள். சில வாரங்கள் பானையில் வைத்து நஞ்சு எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நஞ்சு பொடியாக்கப்பட்டு, பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்பனையாகிறது. நாட்டில் இந்த மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்தே போயிருக்கிறது.

வணிகவியல் கணக்கில் பார்த்தால் இது அழகான மாற்றம். முன்பு ஒரு பாம்பு ஒரே ஒரு முறை வருமானம், தோல் உரித்ததும் முதலே போய்விடும். இப்போது நஞ்சு வட்டி மாதிரி, முதல் உயிரோடு காட்டில் இருக்கிறது.

2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உள்ளூர்க்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தடம் பார்த்தும் எச்சம் பார்த்தும் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வேறுபாடு எங்கே?

ஒரு சமூகத்துக்குப் பத்மஸ்ரீ, இன்னொரு சமூகத்துக்குப் பாசிமணி. ஏன்?

பதில் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. சில சிறப்புக் காரணங்களுக்காக விலங்குகளைப் பிடிக்க அனுமதி தரலாம் என்கிறது அது. அந்தக் காரணங்களில் ஒன்று, உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுப்பது. இருளர்கள் நுழைந்த கதவு இதுதான். நரியிடம் அப்படிக் கறந்து எடுக்க எதுவும் இல்லை. தோலும் கொம்பும் வேண்டுமென்றால் நரி சாக வேண்டும். எனவே அந்தத் தொழில் நின்றது சரிதான்.

ஆனால் தொழிலோடு சேர்த்துத் திறமையையும் தூக்கி எறிய வேண்டுமா? அதே 12ஆவது பிரிவில் அறிவியல் ஆராய்ச்சி என்ற காரணமும் இருக்கிறது. பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார்கள் பறவை பிடித்து விற்ற பரம்பரை. அவர்களில் சிலரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் மாட்டும் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. நம் கோடியக்கரையிலும் அந்த வேலை நடந்திருக்கிறது. இறகு கலையாமல் பறவையைப் பிடிக்கத் தெரிந்த கை, விஞ்ஞானிக்குக் கிடைக்காத கை. ஊளையால் நரியை அழைக்கத் தெரிந்த நரிக்குறவப் பெரியவர்களை நரிக் கணக்கெடுப்புக்கு அழைத்திருந்தால், கூலியும் கிடைத்திருக்கும், மரியாதையும் கிடைத்திருக்கும்.

அவர்களுக்குக் கிடைத்தது காத்திருப்பு. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965ல். தமிழக அரசு நரிக்குறவர் நல வாரியம் அமைத்தது 2008ல். 2022 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்தபோதும் பழங்குடிப் பட்டியல் கோரிக்கை நிலுவையில்தான் இருந்தது. நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையில் 57 ஆண்டுகள். முதல் பரிந்துரை வந்தபோது பிறந்த குழந்தைக்கு அதற்குள் பேரன் பேத்தி பிறந்திருக்கும்.

இனி நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழோடு கல்லூரிக்கு வருவார்கள், வர வேண்டும். அவர்கள் நரி பிடிக்கப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் நரியின் மொழி தெரிந்த கடைசிப் பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால், நரி திரும்பி வந்து ஊளையிட்டாலும் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.